பேய் பரவாயில்லை, பாலம்தான் பயம்

பேய்க்கு அடிப்படைத் தேவைகள் மூன்று. நல்ல இருட்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம். எழுந்து ஓட முடியாத நிலைமை. சினிமா தியேட்டரில் முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது கிடையாது. ரொம்பப் பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். பாப்கார்ன் வாங்கப் போகலாம். பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து, ‘இவரே தைரியமாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்’ என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். இந்த வசதிகளையெல்லாம் பிடுங்கிக்கொள்கிற சாதனம் ஒன்று இப்போது நம் வீட்டு பீரோக்களுக்குள் வந்துவிட்டது. வி.ஆர். ஹெட்செட். விர்ச்சுவல் ரியாலிட்டி. தமிழில் மெய்நிகர் என்கிறார்கள். மெய் மாதிரி, ஆனால் மெய் இல்லை. நல்ல பெயர்தான்.

மாட்டிப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் பட்டறைக் கண்ணாடி கொஞ்சம் வீங்கிப்போன மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், நடுவில் லென்ஸ். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். திரும்புகிற வேகத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. நீங்கள் தலையை அசைத்ததற்கும் படம் அசைவதற்கும் இடையே 20 மில்லி செகண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் ஒரு கணக்கு. போனால் மூளை கண்டுபிடித்துவிடும். வயிறு அதற்கு முன்பே கண்டுபிடித்து, காலையில் சாப்பிட்ட இட்லியைத் திருப்பி அனுப்பப் பார்க்கும். கணக்கு சரியாக அமைந்துவிட்டால் உங்கள் வீட்டு ஹால், டி.வி., சோபா எல்லாம் காணாமல் போய், நீங்கள் ஒரு பாழடைந்த பங்களாவின் மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பீர்கள். கையில் ஒரு டார்ச். மேலே யாரோ நடக்கிற சத்தம்.

எனக்கு ஊர் செஞ்சி. பயத்துக்கு எங்கள் பக்கத்தில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. கொஞ்ச தூரத்தில் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ ஸ்பெஷல் பஸ் வந்து நிற்கும். மாசி மாதம் மயானக் கொள்ளை. சுடுகாட்டில் திருவிழா! பிள்ளைகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போவார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களுக்கும் இந்த வட்டாரம்தான் தாய்வீடு. ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்காகவே இங்கே வந்து சுற்றி, 1988-ல் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரைக்கும் ஒரு பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். கூத்தில் துச்சாதனன் வந்தால் கூட்டம் ஒதுங்கும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். பார்வையாளர்களுக்கு நாற்காலி கிடையாது, மேடை கிடையாது. கதை உங்களைச் சுற்றித்தான் நடக்கும். துரியோதனன் தொடைமேல் நீங்களே ஏறி மிதிக்கிற தூரத்தில் இருப்பீர்கள். ஹெட்செட் கம்பெனிகள் கோடி கோடியாகச் செலவழித்துத் தேடுகிற விஷயம் இதுதான். ‘நீ பார்க்கவில்லை, உள்ளே இருக்கிறாய்’ என்று உடம்பை நம்ப வைப்பது.

எங்கள் அக்கா வீடு செஞ்சியில்தான். அக்கா மகன் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாமா என்றால், ‘அடுத்த மாடல் வரட்டும்’ என்பான். ஹெட்செட்டைச் சொல்கிறானா பெண்ணைச் சொல்கிறானா என்று தெரியாது. அவன் தயவில் நான் பார்க்காத கண்ணாடி கிடையாது.

முதலில் வந்தது அட்டை. நிஜமாகவே அட்டைதான். கூகுள் 2014-ல் வெளியிட்ட கார்ட்போர்டு. அட்டையை மடித்து, லென்ஸைப் பொருத்தி, உள்ளே போனைச் சொருகினால் ஹெட்செட். தலையைத் திருப்பலாம், ஆனால் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தால் உலகமும் கூடவே வரும். பேய் பக்கத்தில் வந்தால் பின்வாங்க முடியாது. பேயும் அதே தூரத்தில் ஒட்டிக்கொண்டு வரும், மார்வாடிக் கடை வட்டி மாதிரி.

2016-ல்தான் நிஜமான ஆட்டம் ஆரம்பித்தது. மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட், ஏப்ரலில் எச்.டி.சி. வைவ், அக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். மூன்றும் நீங்கள் குனிவது, நகர்வது, எட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் கவனிக்கும். அடுத்த ஜனவரியில் ‘ரெசிடென்ட் ஈவில் 7’ வந்தது. பாழடைந்த பண்ணை வீடு, அதில் ஒரு விபரீதக் குடும்பம். முழு ஆட்டத்தையும் சோனி கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடலாம். அந்தக் குடும்பத்தோடு ஒரு சாப்பாட்டு மேஜையில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். தட்டில் என்ன இருந்தது என்று இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே டிபன் சாப்பிடுகிறவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒயர் போயிற்று. 2019-ல் வந்த குவெஸ்ட்டுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே. 2020-ல் குவெஸ்ட் 2. 2023-ல் குவெஸ்ட் 3. அதே 2023 பிப்ரவரியில் சோனியின் இரண்டாவது கண்ணாடி, பிளேஸ்டேஷன் வி.ஆர். 2.

‘எதை மாமா வாங்கலாம்?’ என்று கேட்டு வருகிற பையன்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். பந்து விளையாட்டு, பாட்டுக்குக் கை வீசுகிற விளையாட்டு என்றால் எது வேண்டுமானாலும் வாங்குங்கள். பேய்தான் வேண்டும் என்றால் முதலில் இருட்டைப் பாருங்கள்.

சாம்பல் இருட்டு, கறுப்பு இருட்டு என்று இருட்டில் இரண்டு ஜாதி. குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 இரண்டிலும் எல்.சி.டி. திரை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கிற திரை அதை மறைக்கும். எவ்வளவு மறைத்தாலும் கொஞ்சம் கசியும். அதனால் பாதாள அறைக்குப் போனால் அமாவாசையாக இல்லாமல் விடியற்காலை நாலரை மணி மாதிரி ஒரு சாம்பல். சோனி கண்ணாடியில் ஓ.எல்.ஈ.டி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்தால் அணைந்ததுதான். கிணற்றுக்குள் இறங்கின மாதிரி கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் ஏதோ இருக்கிறது என்று நீங்களே கற்பனை செய்துகொள்வீர்கள். கேம் கம்பெனிக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டாவது, கூர்மை. இதில் குவெஸ்ட் 3 முன்னால் நிற்கிறது. ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 புள்ளிகள். சோனியில் 2000-க்கு 2040. புள்ளிக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை, லென்ஸில்தான் வித்தியாசம். குவெஸ்ட் 3-ன் பான்கேக் லென்ஸில் ஓரம் வரைக்கும் எழுத்து தெளிவாக இருக்கும். சோனியில் பழைய ஃப்ரெனெல் லென்ஸ். நட்ட நடுவில் கண் இருந்தால்தான் தெளிவு. மூன்றாவது, எடை. குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம், சோனி 560. அரைக் கிலோ தக்காளியை நெற்றியில் கட்டிக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செஞ்சி சித்திரை வெயிலில், கரன்ட் இல்லாத மத்தியானத்தில், பேய் வருவதற்கு முன்பே வியர்த்துவிடும்.

நாலாவது, சுதந்திரம். சோனி கண்ணாடிக்கு ஒயர் உண்டு. பிளேஸ்டேஷன் 5-ஓடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி நீங்கள். குவெஸ்ட்டில் நீங்கள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. திண்ணைக்கும் போகலாம், சுவரிலும் முட்டலாம். ஆனால் சோனியிடம் வேறொரு தந்திரம் இருக்கிறது. உங்கள் கண் எங்கே பார்க்கிறது, எப்போது இமைக்கிறது என்பதை உள்ளேயே கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். ‘ஸ்விட்ச்பேக் வி.ஆர்.’ என்று 2023-ல் ஒரு ஆட்டம். துணிக்கடை பொம்மைகள் உங்களைச் சுற்றி நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கிறவரை அசையாது. நீங்கள் இமைத்தால் ஒரு அடி கிட்டே வரும். மனுஷன் எத்தனை நேரம் இமைக்காமல் இருக்க முடியும், சொல்லுங்கள்!

இந்த ஆட்டங்களைச் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். 2020-ல் வந்த ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’ ஆட்டத்தில் ஒரு பூதம், கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. காற்றில் ஏதோ தூசி, உங்களுக்கு இருமல் வரும். இருமினால் செத்தீர்கள். நிஜமாகவே கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதே வருஷம் வந்த ‘ஃபாஸ்மோஃபோபியா’வில் பேய் உங்கள் மைக்கை ஒட்டுக் கேட்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் வரும். நம் ஊர்ப் பாட்டிகள் ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொன்னார்களே, அதே சாஸ்திரம்தான்.

அக்கா வீட்டு ஹாலில் இதையெல்லாம் யார் யாரிடம் போட்டுப் பார்த்தோம் என்கிறீர்கள்! தெருவில் புல்லட் ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். அக்கா பத்து நிமிஷம் பங்களாவுக்குள் சுற்றிவிட்டு, “எவ்ளோ ஒட்டடை பாரு, வீட்டுல பொம்பளைங்களே இல்லையா?” என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழம்பு தாளிக்கப் போனாள். மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவள். அக்கா வீட்டுக்காரருக்கும் பேய் ஒன்றும் செய்யவில்லை. “காசு குடுத்து இதையெல்லாம் பாக்கணுமா மாப்ள?” என்றார்.

அப்புறம்தான் அக்கா மகன் விளையாட்டாக இன்னொன்றைப் போட்டான். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ‘ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பெயர். ஒரு லிஃப்ட். மேலே மேலே போகும். கதவு திறந்தால், வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பலகை. கீழே எறும்பு மாதிரி கார்கள். பலகையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்ட் கதவு திறந்த மாத்திரத்தில் மாமா உட்கார்ந்துவிட்டார். ஹாலில், மொசைக் தரையில், சப்பணம் போட்டு. இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்துக்கொண்டு, “எடுடா... எடுடா இத” என்றார். அக்கா மகன் சிரிக்கத் தொடங்கி, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நெல், மணிலா மண்டி. பிறந்து வளர்ந்ததெல்லாம் ராஜகிரி மலையின் நிழலில். அந்த மலை உச்சிக்கு அவர் ஒரு முறைகூடப் போனதில்லை என்பது குடும்பத்தில் ஒரு பழைய ஜோக். விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போவார். கல்யாண மஹால், யானைக்குளம் எல்லாம் காட்டுவார். மலை ஏறுகிற இடம் வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து செருப்பையும் பையையும் காவல் காப்பார். ‘முட்டி வலி’ என்பார். இருபத்தைந்து வயதிலும் முட்டி வலிதான். ‘தாத்தா, நீ மட்டும் ஏன் எப்பவும் கீழேயே இருக்க?’ என்று பேத்தி கேட்டபோதுகூட அதைத்தான் சொன்னார்.

ஜோக் இல்லாத ஒரு கதையும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் அவருடைய அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடியில் இருந்தார்கள். படி ஏறி வந்துவிட்டார் மாமா. ஆனால் அம்மா இருந்த அறைக்கு ஒரு தாழ்வாரத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் இடுப்பளவு கம்பி. எட்டிப் பார்த்தால் தரைத்தளம் வரை பள்ளம். படிக்கட்டு முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் கையைப் பிடித்தோம். ‘சுவர் ஓரமா வாங்க, கீழ பாக்காதீங்க’ என்றோம். வேர்த்து ஊற்றுகிறது, கால் நகரவில்லை. மூன்று நாளும் படிக்கட்டு வரை வந்து நின்றுவிட்டுப் போனார். நாலாவது நாள் அம்மாவைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

இது கோழைத்தனம் இல்லை. திருட்டுப் பயலை மண்டிக்குள் தனியாகத் துரத்திப் பிடித்த ஆள் அவர். உயரத்தின் மேல் மட்டும் உடம்புக்கு ஒரு முடிவு. புத்தி சொன்னால் கேட்காது.

அன்றைக்கு ஹாலில் நான் கவனித்தது இதுதான்: அது பொய்ப் பலகை என்று மாமாவுக்குத் தெரியும். காலுக்கடியில் மொசைக் குளிர்ச்சி தெரிகிறது. அக்கா தாளிக்கிற வாசனை வருகிறது. ஆனாலும் கால் நம்பிவிட்டது. அமெரிக்காவில் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் ஒரு அறை, நடுவில் தரையே இல்லாமல் ஆழமான பள்ளம். போய் நின்றவர்களின் இதயத் துடிப்பு ஏறியது. அப்புறம் நிஜத் தரையில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பலகையை வைத்து, பள்ளத்தின் விளிம்பை உள்ளங்கால் உணர்கிற மாதிரி செய்தார்கள். துடிப்பு இன்னும் ஏறியது. 2002-ல் வெளியான ஆராய்ச்சி. ஒன்றரை அங்குலம்தான்!

பொய்க்குப் பயப்படுகிற உடம்பு, பொய்யிலேயே பழகினால் பயம் தெளியாதா? இந்தக் கேள்வி எனக்கு முன்னால் பலருக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம் என்ற உளவியலாளரும் லாரி ஹாட்ஜஸ் என்ற கம்ப்யூட்டர்காரரும் உயரத்துக்குப் பயந்த கல்லூரி மாணவர்களுக்கு ஹெட்செட்டை மாட்டி, தொங்குபாலம், பால்கனி, கண்ணாடி லிஃப்ட் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, பயம் குறைந்ததை 1995-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது அந்தக் கருவிகள் இன்றைய போன் விளையாட்டைவிட மோசமான படம் காட்டின. 2018-ல் ஆக்ஸ்போர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரை வைத்துச் சோதித்தது. கண்ணாடிக்குள் ஒரு பயிற்சியாளர். அதுவும் நிஜ மனுஷி இல்லை, படம்தான். பத்து மாடிக் கட்டடத்தில் ஏறு, மரக்கிளையில் மாட்டிய பூனையைக் காப்பாற்று என்று சின்னச் சின்ன வேலைகள். சுமார் இரண்டு வாரம். பயிற்சி எடுத்தவர்களுக்குப் பயம் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அக்கா மகன் சொன்னான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தவர்களில் அவனும் ஒருவன். விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். அவர் கேட்டுவிட்டு, “செய்யலாம். ஆனா அவசரப்படாதீங்க. அவரு போதும்னு சொன்னா அன்னிக்கு அவ்ளோதான். பயம் உச்சத்துல இருக்கும்போது ஓடக் கூடாது, கொஞ்சம் தணியற வரைக்கும் நிக்கணும். சின்ன உயரத்துலேர்ந்து ஆரம்பிங்க” என்றார். இந்தச் சிகிச்சையின் சாரமே இந்த நாலு வாக்கியம்தான்.

முதல் வாரம் ஒரு மாடி பால்கனி. பலகையெல்லாம் கிடையாது, பால்கனியில் நின்று கீழே தெருவைப் பார்க்க வேண்டும். மாமா இரண்டு நிமிஷம் நின்றார். அப்புறம் ஐந்து. அடுத்து மூன்றாவது மாடி. தினமும் மண்டி மூடி வந்து, கைகால் கழுவி, சாமி கும்பிட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொள்வார். அக்கா காபியோடு பக்கத்திலேயே நிற்பாள். ஒரு மாதம் கழித்துத்தான் பலகை. மண்டியிலிருந்து நிஜமாகவே ஒரு பலகை கொண்டுவந்து ஹாலில் போட்டோம். முதல் நாள் தவழ்ந்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷர், வீட்டு ஹாலில், ஒரு அங்குலப் பலகை மேல். யாரும் சிரிக்கவில்லை.

தை மாதம், ஒரு காலை வேளையில், “போய்ட்டு வரலாமா?” என்றார்.

ராஜகிரி சுமார் 800 அடி. கோட்டை கட்டியவர்களைப் போல பயத்தைப் புரிந்துகொண்டவர்கள் எந்தக் கேம் கம்பெனியிலும் இல்லை என்று ஏறும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். வாசல் நேராக இருக்காது; வளைத்து விட்டிருப்பார்கள். அடுத்து என்ன என்று தெரியாமலே ஏற வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறைக்கு நடுவே இயற்கையான பொந்து. கைதிகள் கிணறு என்பார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதில் போட்டுப் பட்டினியாக விட்டுவிடுவார்கள் என்பது வழிவழிக் கதை. உச்சிக்குக் கிட்டே வந்ததும், மலையே பிளந்த மாதிரி ஒரு பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன்மேல் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை ஒன்றும் செய்ய முடியாது. சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது ஔரங்கசீப்பின் படை 1690-ல் முற்றுகை போட்டு, 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது எங்கள் செஞ்சி ஒன்றுதான்.

மாமா பாலம் வரை வந்துவிட்டார். இன்றைக்கு அதில் கைப்பிடியெல்லாம் உண்டு. கைப்பிடியில் கையை வைத்தார். ஒரு கால் வைத்தார். எடுத்தார்.

“முடியல மாப்ள. வீட்ல, வேணாம்னா கழட்டிடலாம்னு உள்ளுக்குள்ள ஒரு தெம்பு இருந்துச்சு. இங்க எதைக் கழட்டறது?”

வி.ஆர். பற்றி நான் படித்த அத்தனை ஆராய்ச்சியிலும் இல்லாத வாக்கியம் அது. ஹெட்செட்டுக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் புள்ளிக் கணக்கிலும் லென்ஸிலும் இல்லை. கழற்ற முடிவதில் இருக்கிறது. பேய் விளையாட்டை நாம் ரசிப்பதே அதனால்தான். பயம் நம்முடையது, ஸ்விட்சும் நம்முடையது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஸ்விட்ச் கிடையாது.

ஆனால் டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மாமாவுக்கும் இருந்தது போல. அவர் திரும்பி இறங்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே பாறையில் உட்கார்ந்தார். உயரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே உட்கார்ந்தார். கிருஷ்ணகிரி மலை எதிரே. கீழே ஊர், வயல், பஸ் போகிற ரோடு. குரங்கு ஒன்று வந்து பையை மோப்பம் பிடித்துவிட்டுப் போனது. முக்கால் மணி நேரம் இருக்கும். பலர் எங்களைத் தாண்டிப் பாலத்தில் போனார்கள், வந்தார்கள். வேர்வை அடங்கியது. எழுந்தார். என்னைப் பார்க்காமல், கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

மேலே ரங்கநாதர் கோயில் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது. எதையும் பார்க்கவில்லை. நேரே பழைய களஞ்சியத்துக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்து, “எத்தினி மூட்டை புடிக்கும்?” என்று கணக்குப் போட்டார். மண்டிக்காரர்! திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் ஒரு கணம் நின்றார். “இது எத்தினி அடி இருக்கும்?” என்றார். இருபத்து நாலு என்றேன். “அந்த ஆஸ்பத்திரில, படியிலேர்ந்து அம்மா ரூமுக்கு?” நாற்பது இருக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார்.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மாமாவும் இன்னும் கண்ணாடி லிஃப்ட்டில் ஏறுவதில்லை. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், கண்ணாடி அப்புறம். வெறும் விளையாட்டுக்குத்தான் என்றால், சில விஷயங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டாதீர்கள். மெட்டா கம்பெனி 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது என்கிறது. சோனி 12 என்கிறது. எங்கள் பேத்திக்கு ஒன்பது, அழுதாலும் கொடுப்பதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கழற்றி வையுங்கள். தலை சுற்றினால் அப்போதே நிறுத்துங்கள். ‘பழகிடும்’ என்று பல்லைக் கடிக்காதீர்கள். உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். ஃபேன் தாழ்வாகத் தொங்குகிற வீடு என்றால் அதை அணைத்துவிடுங்கள். பேயை விரட்டக் கையைத் தூக்கினால் பேய் விட்டாலும் ஃபேன் விடாது. முக்கியமாக, மாட்டியிருக்கிறவரைப் பின்னாலிருந்து தொட்டு விளையாடாதீர்கள்.

செஞ்சிக்கும் ஒரு நடை வாருங்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுப் பையைக் குரங்குக்குக் காட்டாதீர்கள். உச்சிப் பாலத்தின் அருகே யாராவது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், ‘ஒண்ணும் ஆகாது, சும்மா போங்க சார்’ என்று பின்னாலிருந்து சொல்லாதீர்கள். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் ஒதுங்கி நின்று, அவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள்.